கவசத்துக்கும் கழுத்துக்கும் இடையில்

அவருடைய பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் பயப்படுவார். இது யார் கையில் போய்ச் சேர்ந்ததோ, அதனால் என்ன வந்து விடியுமோ என்று சோறு தண்ணி இறங்காமல் இருப்பார். பேஸ்போல் கழகத்துப் பிள்ளைகள் அவருக்கு ‘ஹெர் ஃபோர்சிக்ட்’ என்று பட்டம் வைத்திருந்தார்கள். தமிழில் சொன்னால் ‘கவனம் ஐயா’. அவருக்கும் அது தெரியும். யாராவது அப்படிக் கூப்பிட்டால், தன்னை நோக்கி ஏதாவது பறந்து வருகிறதா என்று முதலில் பார்ப்பார். அதற்குப் பிறகுதான் கூப்பிட்டவரைப் பார்ப்பார்.

நாங்கள் அப்போது ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் இருந்தோம். எங்கள் மகள் ஆரணி, பள்ளிக்கூடத் தோழி ஒருத்தியோடு ஒருநாள் போய்ப் பார்த்துவிட்டு வந்து, பேஸ்போல்தான் விளையாடுவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். எங்கள் வீட்டில் அந்த விளையாட்டைப் பற்றி ஒருவருக்கும் ஒரு மண்ணும் தெரியாது. என் கணவருக்கு மட்டும் தெரியும் என்ற நினைப்பு. “கிரிக்கெட் மாதிரித்தான். மட்டை மட்டும் உருண்டை” என்றார். சாமான் வாங்கவும் அவரே போனார். ஹெல்மெற், கையுறை, மட்டை, சப்பாத்து எல்லாம் ஒரு அளவு பெரிதாக வந்து சேர்ந்தன.

அது எங்கள் ஆட்களுடைய வழக்கம். வளருகிற பிள்ளைக்கு எதையும் அளவாக வாங்கக் கூடாது. சட்டை வாங்கினால் கை மடிக்க இடம் இருக்க வேண்டும், சப்பாத்து வாங்கினால் முன்னுக்குப் பஞ்சு வைக்க இடம் இருக்க வேண்டும். நானும் அப்படித்தான் வளர்ந்தேன். எனக்கு ஒரு குறையும் வந்துவிடவில்லை.

மைதானம் ஆற்றோரத்தில், காய்கறித் தோட்டங்களுக்குப் பின்னால் இருந்தது. ஓரத்தில் ஒரு பச்சைத் தகரக் கொன்ரெய்னர். பிள்ளைகளின் சாமான்களெல்லாம் அதற்குள்தான். அதற்குப் பொறுப்பானவர் வாசலில் நிற்கிறார், அவரிடம் காட்டிவிட்டு வாருங்கள் என்று பயிற்சியாளர் சொன்னார். போய்ப் பார்த்தால் எங்கள் ஆள். ஐம்பதை நெருங்கிய வயது, ஒடிசலான உடம்பு, நெற்றியில் திருநீறு.

“தமிழோ?” என்றேன், வாயெல்லாம் பல்லாக.

“ஓம். பிள்ளையின்ர தலைக்கு என்ன வச்சனீங்கள்?” என்றார். எந்த ஊர், யாருடைய ஆட்கள் என்ற விசாரணை ஒன்றும் இல்லை.

“தேங்காய் எண்ணெய்தான் அண்ணை.”

பெண்பிள்ளை வெளிக்கிடுவது என்றால் எங்கள் வீட்டில் எண்ணெய் வைத்து, இழுத்து வாரி, இரட்டைப் பின்னல் போட்டுத்தான். பின்னலை மடித்து ரிபனும் கட்டியிருந்தேன். அவர் ஹெல்மெற்றை எடுத்து அவள் தலையில் வைத்தார்.

“பிள்ளை, ஓம் எண்டு தலையை ஆட்டுங்கோ.”

ஆட்டினாள். ஹெல்மெற் இறங்கி மூக்கில் வந்து நின்றது.

“இப்ப இல்லை எண்டு ஆட்டுங்கோ.”

ஆரணியின் தலை இடப்பக்கம் திரும்பியது. எண்ணெய் வழுக்கலில் ஹெல்மெற் நின்ற இடத்திலேயே நின்று எங்களைப் பார்த்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கு வரவில்லை. முகம் வெளிறிப் போயிற்று.

“தங்கச்சி, பந்து வரேக்கை இது இப்பிடித்தான் கண்ணை மூடும். பிள்ளைக்குப் பந்து தெரியாது. பந்துக்குப் பிள்ளை தெரியும். முதல்ல இந்த எலும்பு. பிறகு இந்தப் பக்கத்துக் கண்...”

“காணும் அண்ணை!” என்று கத்திவிட்டேன். வந்த கோபத்துக்கு அளவில்லை. முதல் நாளே பிள்ளையை வைத்துக்கொண்டு பேசுகிற பேச்சா இது? இந்த மனிதன் வாயில் நல்லதே வராதா என்று வழி முழுக்கத் திட்டிக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக ஆரணியின் தலையில் சம்பூ போட்டு எண்ணெயைக் கழுவினேன். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அவர் எல்லாரிடமும் அப்படித்தான். ஜெர்மன் பெற்றோரிடம் ஜெர்மனில் சொல்வார், எங்களிடம் தமிழில் சொல்வார். ஒரு கையுறையைக் கொடுத்தால் விரல் விரலாகத் தடவி, எந்த விரல் எப்படி முறியும் என்று சொல்வார். மட்டையைக் கொடுத்தால், கையை நீட்டி அதைப் பிடித்தபடி பிள்ளை நிற்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் கை இறங்கினால் அந்த மட்டை பாரம் கூட. கை சோர்ந்த பிள்ளையிடமிருந்து மட்டை நழுவிப் பறக்குமாம், பறந்து போய் ஓரத்து வாங்குப் பலகையில் இருக்கிற பிள்ளையின் பல்லில் படுமாம். எந்தப் பல் என்பதும் அவருக்குத் தெரியும்.

எல்லா நேரமும் அவர் சொன்னதுதான் சரி என்று நினைத்துவிடாதீர்கள். மழையில் நனைந்த பந்துகள் பாரமாகிவிட்டன என்று ஒருமுறை ஒரு பை நிறைந்த நல்ல பந்துகளைக் குப்பையில் போட்டார். முகில் இல்லாத நாளில் இடி வருகிறது என்று பிள்ளைகளையெல்லாம் கொன்ரெய்னருக்குள் அடைத்தார். வந்தது பக்கத்து வீதியில் கல்லுக் கொட்டுகிற லொறி. வாங்கில் இருந்து முந்திரிகைப் பழம் தின்னவும் விடமாட்டார், தொண்டையில் சிக்குமாம். அவர் ஊர் பஸ் ஓட்டுகிறவர். கிழவர் கிழவிகள் இருக்கையில் இருந்து, பையை மடியில் வைத்து, மூச்சு விட்ட பிறகுதான் வண்டி நகரும். அவருடைய பஸ்ஸில் ஏறினால் ரயிலைப் பிடிக்க ஏலாது என்று ஊருக்கே தெரியும்.

ஒரு கோடையில் வடக்கே ஊன்ட்றொப் என்ற ஊரில் இருக்கிற எங்கள் ஆட்களின் அம்மன் கோயில் தேருக்குப் போயிருந்தோம். அந்தச் சனத்துக்குள் யாரோ ஒரு பெண் கத்துகிற சத்தம் கேட்டுத் திரும்பினால், இவர். வேட்டியும் சால்வையுமாக நின்று, முன்பின் தெரியாத ஒரு பிள்ளையின் சட்டைக் கொலரைப் பிடித்துத் தேர்ச் சில்லுக்கு அங்கால் இழுத்துக்கொண்டிருக்கிறார். “என்ர பிள்ளையை விடுங்கோ! நீங்கள் ஆர்?” என்று தாய்க்காரி கத்துகிறாள். அவர் விடவில்லை. தேர் தாண்டிப் போகும்வரை அந்த ஏச்செல்லாம் வாங்கிக்கொண்டு பிடித்த பிடியில் நின்றார். நான் தெரியாதவள் மாதிரி மற்றப் பக்கம் பார்த்தேன். ஆனால் நானும் ஆரணியின் கையை இறுக்கிப் பிடித்திருந்தேன் என்பது அவள் “நோகுது அம்மா” என்று சொன்ன பிறகுதான் தெரிந்தது.

அப்படித்தான் அது எனக்கும் தொற்றியது. மீன் வெட்டும்போதும் அவர் சொன்ன எலும்புகள் ஞாபகத்துக்கு வரும். அவர் தேடிக் கொடுத்த கழகத்துச் சின்ன ஹெல்மெற்றோடு ஆரணி மட்டை பிடித்து நிற்கும்போது என் நெஞ்சு அடிக்கிற சத்தம் எனக்கே கேட்கும். அவரோ ஒரு போட்டியைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை. விளையாட்டுத் தொடங்கியதும் மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கொன்ரெய்னர் பக்கம் முகத்தை வைத்து நிற்பார். காதை மட்டும் கொடுத்திருப்பார். பந்து மட்டையில் பட்டால் ஒரு சத்தம், கையுறையில் விழுந்தால் வேறு சத்தம். இரண்டும் இல்லாத ஒரு சத்தத்துக்குத்தான் காத்துக்கொண்டு நிற்கிறார் என்று எனக்கு விளங்க நிறைய நாள் பிடித்தது.

அவருடைய பயம் ஊர் யுத்தத்தில் பட்ட அடி என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். பயிற்சியாளர் ஒருநாள் குரலைத் தாழ்த்தி என்னிடம் ஜெர்மனில் “க்றீக்”, யுத்தம் என்றார், ஏதோ நோயின் பெயரைச் சொல்வது போல. நானும் அப்படித்தான் நம்பினேன். பிறகு ஒருநாள் தேத்தண்ணி ஊற்றிக் கொடுக்கும்போது கேட்டே விட்டேன்.

“அண்ணை, குறை நினையாதேங்கோ. ஊரில ஏதும் நடந்ததோ உங்களுக்கு?”

“எனக்கோ? நான் சின்னப்பிள்ளையா அம்மாவின்ர கையைப் பிடிச்சுக்கொண்டு பிளேனில வந்தனான் தங்கச்சி. ஒரு வெடிச்சத்தமும் கேக்கேல்லை.”

“அப்ப இஞ்ச ஏதும்?”

“ஒண்டும் நடக்கேல்லை. எனக்குப் பயம். அவ்வளவுதான். என்ர தம்பிமாருக்கு இல்லை, எனக்கு இருக்கு.” கோப்பையைச் சுற்றிப் பார்த்து, விளிம்பு உடைந்திருக்கவில்லை என்று கண்டபிறகு வாயில் வைத்தார். “எல்லாரும் ஒரு கதை கேக்கினம். இருந்தால் சொல்லமாட்டனோ?”

அதைக் கேட்டதும் எனக்கு இன்னும் பயம் கூடிவிட்டது. காரணம் இருந்திருந்தால், அது அவருடைய கதை, நமக்கு இல்லை என்று விட்டிருக்கலாம்.

என் கணவருக்கு அவரைக் கண்ணில் காட்டக் கூடாது. “நாங்கள் வெறுங்கையால பந்து பிடிச்சனாங்கள் அண்ணை. கிளவுஸும் இல்லை, ஹெல்மெற்றும் இல்லை. செத்தா போனனாங்கள்?” என்று ஒருநாள் நேரே கேட்டார்.

“உங்கட கையைக் காட்டுங்கோ தம்பி.”

கணவர் காட்டினார். சின்னவிரல் பாதியில் வளைந்து வெளிப்பக்கம் போயிருக்கும். கல்யாணம் கட்டின நாளிலிருந்து நான் காண்கிற விரல்தான். ஏன் அப்படி என்று கேட்க எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை.

“இது?”

“அது... கெச் ஒண்டு எடுக்கேக்கை” என்று சொல்லிக் கணவர் கையைக் காற்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

ஆரணிக்கு மட்டும் பயம் கியம் ஒன்றும் கிடையாது. எங்கிருந்துதான் வந்து பிறந்தாளோ! இரண்டாம் வருடக் கோடையில், கெச்சராகத்தான் நிற்பேன் என்று பிடிவாதம் பிடித்தாள். மட்டையடிக்கிற பிள்ளைக்குப் பின்னால் குந்தியிருந்து, எறிகிற ஒவ்வொரு பந்தையும் பிடிக்கிற ஆள்தான் கெச்சர். மட்டை தவறவிடுகிற எல்லாப் பந்தும் அந்தப் பிள்ளையின் முகத்துக்கு நேரேதான் வரும். அதற்கு முகத்துக்குக் கம்பி போட்ட மூடி, நெஞ்சுக்கு ஒரு கவசம், முழங்காலுக்குக் கவசம் எல்லாம் வேண்டும். என் கணவர் முழு உடுப்பும் வாங்கிக்கொண்டு வந்தார். அதிலும் ஒரு அளவு பெரிது.

அடுத்த நாள் போட்டி என்ற நிலையில் பயிற்சிக்குப் போட்டுக்கொண்டு போனோம். நிமிர்ந்து நிற்கும்போது ராசாத்தி மாதிரி இருந்தாள். பயிற்சியாளர் “சூப்பர்” என்றார். கணவருக்கு நெஞ்சு ஒரு முழம் உயர்ந்தது.

அவர் கொன்ரெய்னரிலிருந்து இறங்கி வந்தார். “குந்துங்கோ பிள்ளை.”

குந்தினாள். நீளம் கூடின நெஞ்சுக்கவசம் தொடையில் முட்டி மேலே ஏறியது. அது ஏறி முகமூடியைத் தள்ளியது. மூடி நெற்றிப் பக்கம் போக, கீழே நாடி வெளியே வந்தது. நாடிக்குக் கீழே என் பிள்ளையின் கழுத்து, ஒன்றும் இல்லாமல், வெறுமையாக.

அவர் இரண்டு விரலை அந்த இடைவெளிக்குள் வைத்தார். இந்த முறை எந்த எலும்பு, எந்த நரம்பு என்று ஒன்றும் சொல்லவில்லை.

“தம்பி, இஞ்ச வாங்கோ. உங்கட விரலை வையுங்கோ.”

“என்ன அண்ணை இது, சின்னப்பிள்ளை விளையாட்டுக்கு...”

“வையுங்கோ தம்பி.”

கணவர் வேண்டா வெறுப்பாகக் குனிந்து விரலை வைத்தார். கழுத்து நரம்பு துடிப்பது அவர் விரலில் பட்டிருக்க வேண்டும். சட்டென்று கையை எடுத்துவிட்டார். பிறகு ஒருவரையும் பார்க்காமல் நடந்து போய்க் காருக்குள் இருந்துகொண்டார்.

அந்த உடுப்போடு இறங்கக் கவனம் ஐயா விடாததால், ஆரணி அடுத்த நாள் போட்டிக்கு வாங்கில் இருந்தாள். அழுது வீங்கின முகத்தோடு எழுந்து போய், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி அவரிடம் தமிழிலேயே சொன்னாள்: “அங்கிள், நீங்கள் ஒரு பயந்தாங்கொள்ளி!”

எனக்கு நிலம் பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. அவர் கொஞ்சமும் கோபிக்கவில்லை. “ஓம் பிள்ளை” என்றார். சொல்லிவிட்டு மற்றப் பிள்ளையின் ஹெல்மெற் வாரை இழுத்துப் பார்க்கத் தொடங்கினார்.

கணவர் அந்த உடுப்பைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு, அளவான ஒன்றுக்குச் சொல்லிவிட்டு வந்தார். எங்கள் வீட்டில் அளவாக வாங்கின முதல் சாமான் அதுதான். அது வரும்போது பருவம் முடிந்து குளிர் தொடங்கிவிட்டது. ஆரணி குளிர்காலம் முழுக்க அதைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் குந்திக் குந்தி எழும்பினாள். அவருடைய பேரை எடுத்தாலே கதவை அடித்துச் சாத்தினாள்.

வசந்தத்தில் முதல் போட்டி. பயிற்சியாளர் தெளிவாகச் சொல்லிவிட்டார்: கெச்சர் இடத்துக்கு ஆரணியும் இன்னொரு பிள்ளையும். இன்றைக்கு யார் நன்றாகச் செய்கிறார்களோ, அந்தப் பிள்ளைக்குத்தான் இந்தப் பருவம். கணவருக்கு வேலை. நான் தனியாகக் கூட்டிக்கொண்டு போனேன்.

கொன்ரெய்னர் வாசலில் அவர் அவளைக் குந்தச் சொன்னார். குந்தினாள். விரலை வைத்துப் பார்த்தார். விரல் உள்ளே போகவில்லை. மேலே பார்க்கச் சொன்னார், பக்கத்துக்குத் திரும்பச் சொன்னார், திரும்பவும் விரலை வைத்தார். அவருடைய விரல்தான் நடுங்கியதே தவிர, போக இடம் இருக்கவில்லை.

“சரி” என்றார்.

அந்த ஒரு சொல்லுக்காக எத்தனை சண்டை பிடித்தோம்! ஆனால் அவர் ஏலாது, ஏலாது என்று சொன்ன காலம் முழுக்க என் பிள்ளை வாங்கில் பத்திரமாக இருந்தாள். இனி அவளைத் தடுக்க ஒருவரும் இல்லை. துள்ளிக்கொண்டு ஓடினாள், திரும்பியும் பார்க்கவில்லை.

நான் மற்றத் தாய்மாரோடு இருக்காமல் அவருக்குப் பக்கத்தில் போய் நின்றேன். அவர் கொன்ரெய்னரைப் பார்த்தபடி, நான் மைதானத்தைப் பார்த்தபடி. கொஞ்ச நேரம் எல்லாம் நன்றாகத்தான் போனது. எறிகிற பெடியன் உயரமானவன், பலமான கை. பந்து வருவதும் ஆரணியின் கையுறையில் விழுவதும் ஒரே சத்தமாகக் கேட்டுக்கொண்டிருந்தது. எதிரணிப் பெடியன் ஒருவன் மூன்றாம் மூலை வரை வந்துவிட்டான். இன்னும் ஒரு ஓட்டம் ஓடி ஆரணி இருக்கிற இடத்தைத் தொட்டால் அவர்களுக்கு ஒரு புள்ளி.

மட்டையடிக்கிற பிள்ளை ஓங்கி வீசியது. பந்து மட்டையில் படவில்லை. கையுறையிலும் விழவில்லை. ‘டங்’ என்று ஒரு சத்தம், கம்பியில். நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன்.

பிறகு ஒரு சத்தமும் இல்லை. தாய்மார் கத்துவதும் நின்றுவிட்டது. அம்மாளாச்சி, அம்மாளாச்சி என்று மட்டும் எனக்குள் ஓடியது. ஓட வேண்டும் என்று தெரியும். காலும் வரவில்லை, கண்ணும் திறக்கவில்லை.

“தங்கச்சி.” பக்கத்தில் அவருடைய குரல், காற்றுப் போன குரல். “எழும்பீட்டாளோ?”

“ஓம் அண்ணை” என்றேன். “எழும்பீட்டாள்.”

ஏன் சொன்னேன் என்று கேட்காதீர்கள். அந்த நேரத்தில் வேறு எந்தப் பதிலையும் என் வாயால் சொல்ல ஏலாமல் இருந்தது. அவர் மூச்சை விட்ட சத்தம் கேட்டது. சரளைக்கல்லில் சப்பாத்துத் திரும்புகிற சத்தம் கேட்டது. அடுத்து ஓடுகிற சத்தம்.

கண்ணைத் திறந்தேன். ஆரணி முகங்குப்புற மண்ணில் கிடந்தாள். அசைவு இல்லை. ஒரு போட்டியையும் பார்த்திராத அந்த மனிதர், வேலியைத் தாண்டி மைதானத்துக்குள் ஓடிக்கொண்டிருந்தார். நடுவர் கையைக் காட்டி நிற்பாட்டப் பார்த்தார், அவரையும் தள்ளிக்கொண்டு போனார். நானும் ஓடினேன், எனக்கு முதலே அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். மண்ணில் முழங்காலைக் குத்தி, அவள் கழுத்துக்குப் பின்னால் கையை வைத்தார். அந்தக் கை நடுங்கவில்லை.

“பிள்ளை, அசையாதேங்கோ. உங்கட பேரைச் சொல்லுங்கோ. நான் ஆரெண்டு சொல்லுங்கோ.”

தலை மெல்லப் பக்கத்துக்குத் திரும்பியது. முகமூடிக்குள்ளிருந்து ஆரணியின் கண் அவரை எரிக்கிற மாதிரிப் பார்த்தது.

“அங்கிள்! பந்து எனக்குக் கீழ கிடக்கு! அவன் ஓடி வரட்டும், பிடிப்பம் எண்டு பேசாமல் கிடந்தனான். நீங்கள் வந்து எல்லாத்தையும் கெடுத்துப் போட்டீங்கள்!”

வயிற்றுக்குக் கீழேயிருந்து பந்தை எடுத்துக் காட்டினாள். மூன்றாம் மூலைப் பெடியன் பாதி வழியில் வாயைப் பிளந்துகொண்டு நின்றான். நடுவர் எங்கள் இருவரையும் வெளியே போகச் சொன்னார். போகிற வழியில் பார்த்தேன், பயிற்சியாளர் ஆரணியின் முதுகில் தட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தப் பருவம் முழுக்க அவள்தான் கெச்சர்.

அவரும் நானும் திரும்பிக் கொன்ரெய்னருக்கு வந்தோம். அவருடைய காற்சட்டை முழங்காலில் கிழிந்து இரத்தம் கசிந்தது. அதை அவர் கவனிக்கவே இல்லை.

“எழும்பீட்டாள் எண்டெல்லோ சொன்னனீங்கள்?”

“ஓம் அண்ணை.”

“பாத்தோ சொன்னனீங்கள்?”

“இல்லை. நான் கண்ணை மூடிக்கொண்டு நிண்டனான்.”

ஏசப் போகிறார் என்று நினைத்தேன். ஏசினால் கேட்டுக்கொண்டு நிற்கத் தயாராக இருந்தேன். அவர் தகரச் சுவரில் சாய்ந்து, அப்படியே சரிந்து நிலத்தில் இருந்துவிட்டார்.

“நல்லகாலம் தங்கச்சி” என்றார். “எழும்பேல்லை எண்டு நீங்கள் சொல்லியிருந்தால், நான் திரும்பியே இருக்கமாட்டன்.”